அம்மாவின் சிற்றிசன்ஷிப் காட், பாஸ்போட் எல்லாம் துலைஞ்சு போச்சு: எதை முதலில் எடுப்பது?

2024 ஜனவரி 14, காலை | கேள்வி

அம்மாவுக்கு 81 வயது. ஸ்பொன்சரில் 1990களின் தொடக்கத்தில் கனடா வந்தவ, இப்ப ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் எங்களோட இருக்கிறா. வீடு மாறேக்குள்ள அவவின்ர பேப்பர்கள் இருந்த பை முழுசாகக் காணாமல் போயிட்டுது. சிற்றிசன்ஷிப் காட், பாஸ்போட், லாண்டிங் பேப்பர் (வந்து இறங்கேக்க குடுத்த குடிவரவுத் தாள்), ஊர்ப் பிறப்புப் பத்திரம், சின் காட் (சமூகக் காப்புறுதி இலக்க அட்டை), எல்லாம் அதுக்குள்ள. கைப்பையில் ஹெல்த் காட்டும் பாங்க் காட்டும் இருந்ததால அதுகள் தப்பிவிட்டுது. பென்ஷன் மாதாமாதம் வருது. ஊர்ப் பிறப்புப் பத்திரத்தை எடுத்தால்தான் மற்ற எல்லாத்துக்கும் விண்ணப்பிக்கலாம் எண்டு ஒருத்தர் சொன்னதால, யாழ்ப்பாணத்தில ஆள் தேடிக்கொண்டு இருக்கிறம். இங்க ஒரு ஏஜென்ற் எல்லாம் சேர்த்து 900 டொலர் கேக்கிறார். எங்க தொடங்கிறது?

2024 ஜனவரி 14, இரவு | பதில்

யாழ்ப்பாணத் தேடலை இப்போதைக்கு நிறுத்துங்கோ. கனடாக் குடியுரிமைச் சான்றிதழைத் திரும்ப எடுக்க ஊர்ப் பிறப்புப் பத்திரம் தேவையில்லை. அம்மா சத்தியப்பிரமாணம் எடுத்த நாளிலிருந்து அவருடைய பதிவு குடிவரவு அமைச்சிடம் இருக்கிறது. காணாமல் போனது அதன் அத்தாட்சி மட்டும்தான், குடியுரிமை எங்கும் போகவில்லை. வயதானவர்கள் இதில் பயந்துபோய் இருப்பார்கள். "என்னை நாட்டை விட்டு அனுப்பிப் போடுவாங்களோ" என்று கேட்பார்கள். அப்படி எதுவும் நடக்காது என்று முதலில் அம்மாவுக்குச் சொல்லுங்கோ.

வரிசை இதுதான். பாஸ்போட் காலாவதியாகாமல் தொலைந்திருந்தால் அதை உடனே பாஸ்போட் பகுதிக்கு அறிவியுங்கோ. அடுத்தது, கையில் இருக்கும் ஹெல்த் காட்டோடு படமுள்ள இன்னொரு அடையாள அட்டை எடுங்கோ. அந்த இரண்டையும் வைத்துக் குடியுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கோ. சான்றிதழ் வந்த பிறகு பாஸ்போட். சின் நம்பருக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை, அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஏஜென்ற் கேட்கும் 900 டொலரில் அரசாங்கத்துக்குப் போவது சான்றிதழுக்கான 75 டொலரும் பாஸ்போட் கட்டணமும் மட்டும். படிவங்கள் இலவசம். காசு வாங்கிக்கொண்டு குடிவரவு, குடியுரிமை விண்ணப்பங்களில் ஆலோசனை சொல்பவர் உரிமம் பெற்ற ஆலோசகராகவோ சட்டத்தரணியாகவோ இருக்க வேண்டும். பிள்ளைகள் காசு வாங்காமல் உதவலாம்.

2024 ஜனவரி 15

"பெரிய சான்றிதழ் பிரேம் போட்டுச் சுவரில் கிடக்கு, அது போதாதா" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். போதாது. 2012 ஜனவரி 31 வரை குடியுரிமை எடுத்தவர்களுக்கு இரண்டு பொருள் கொடுத்தார்கள். ஒன்று பணப்பைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் அட்டை. மற்றது அழகான பெரிய தாள். எங்கள் சனம் பிரேம் போட்டது அந்தத் தாளை. அது நினைவுச் சான்றிதழ்தான். பாஸ்போட்டுக்கும் எடுபடாது, வேறெதற்கும் குடியுரிமை அத்தாட்சியாக எடுபடாது. சட்டப்படி அத்தாட்சி அந்தச் சின்ன அட்டை. 2012 பெப்ரவரி 1 முதல் அட்டையை நிறுத்திவிட்டு, கடிதத்தாள் அளவில் ஒரே சான்றிதழாகக் கொடுக்கிறார்கள்.

ஆனாலும் அந்தப் பிரேமைக் கழற்றிப் பாருங்கோ. குடியுரிமை கிடைத்த திகதியும் அப்போது பதிவான பெயரும் அதில் இருக்கும். விண்ணப்பத்தில் அந்த இரண்டையும் கேட்பார்கள். சில வீடுகளில் சின்ன அட்டையே பிரேமின் பின்பக்கத்தில் செருகிக் கிடக்கும். பழைய அட்டை கிடைத்தால் எதுவும் செய்ய வேண்டாம், அது இன்றைக்கும் செல்லும்.

2024 ஜனவரி 16

வரிசை பற்றி ஒரு மேலதிகக் குறிப்பு. சிற்றிசன்ஷிப் காட் மட்டும் தொலைந்து, கடைசியாக எடுத்த பாஸ்போட் கையில் இருப்பவர்களுக்குக் குறுக்கு வழி இருக்கிறது. அந்தப் பாஸ்போட் கடந்த 15 வருடத்துக்குள் கொடுக்கப்பட்டதாக, கிழியாததாக, தொலைந்ததாக அறிவிக்கப்படாததாக, அதே பெயரில் இருந்தால், பிபிடிசி 054 என்ற புதுப்பித்தல் படிவம் போதும். அதற்குக் குடியுரிமை அத்தாட்சியும் வேண்டாம், கரண்டரும் (விண்ணப்பிப்பவரைத் தெரியும் என்று உறுதிப்படுத்திக் கையெழுத்திடுபவர்) வேண்டாம். காலாவதியாகியிருந்தாலும் பரவாயில்லை. பயணத்துக்காகத்தான் சான்றிதழ் தேடுகிறீர்கள் என்றால், முதலில் பழைய பாஸ்போட்டின் திகதியைப் பாருங்கோ.

கேள்வி கேட்டவருக்கு இது சரிவராது. அவருடைய அம்மாவின் கடைசிப் பாஸ்போட்டே பையோடு போய்விட்டது. அதற்கு முந்தின பாஸ்போட் ஒன்று லாச்சிக்குள் கிடந்தால் அதைக் கொண்டு புதுப்பிக்க முடியாது.

2024 ஜனவரி 20

விண்ணப்பம். படிவம் சிஐடி 0001, அதோடு போகும் சரிபார்ப்புப் பட்டியல் சிஐடி 0014. இணையத்திலும் போடலாம், தபாலிலும் போடலாம். தபால் என்றால் நோவா ஸ்கோஷியாவில் சிட்னி நகரத்து நிலையத்துக்குப் போகும். கட்டணம் 75 டொலர், இணையத்தில் கட்டி ரசீதை அச்சிட்டு வைக்க வேண்டும்.

திரும்பி வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை சின்னக் காரணங்களுக்காகத்தான் வருகின்றன. கையெழுத்து இருக்கும், திகதி இருக்காது. அல்லது கையெழுத்து வைத்து 90 நாளுக்கு மேல் கிடந்த பிறகு அனுப்பியிருப்பார்கள். பழைய படிவத்தை யாரோ கொம்பியூட்டரில் சேமித்து வைத்திருந்து அதை நிரப்பியிருப்பார்கள். அனுப்பும் கிழமையிலேயே படிவத்தைப் புதிதாக இறக்கி, கடைசியாகத் திகதி போட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ. குறை உள்ள விண்ணப்பத்தைப் பாதியில் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள். முழுப் பொதியும் திரும்ப வரும், வரிசையில் திரும்பவும் கடைசி ஆள்.

பெயர். எங்கள் ஆட்களுக்கு இதில்தான் பெரிய இடர்ப்பாடு. ஊர்ப் பத்திரத்தில் ஒரு பெயரும் தகப்பன் பெயரும் இருக்கும். லாண்டிங் பேப்பரில் கணவரின் பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். ஹெல்த் காட்டில் முதல் பெயரும் குடும்பப் பெயரும் இடம் மாறிக் கிடக்கும். எது சரி என்று வீட்டில் கூட்டம் போட வேண்டாம். சிற்றிசன்ஷிப் காட்டில் இருந்த பெயரை, இருந்த எழுத்துக் கூட்டலில், இருந்த வரிசையில் எழுதுங்கோ. இது மாற்றீட்டு விண்ணப்பம். பதிவில் உள்ளதைத் தேடி எடுத்து அச்சிட்டுத் தருவார்கள். "வேறு பெயர்கள்" என்று கேட்கும் இடத்தில் மற்ற எல்லா வடிவங்களையும் எழுதிவிடுங்கோ, கலியாணத்துக்கு முந்தின பெயர் உட்பட. தேடுபவருக்கு அதுதான் உதவும். பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்றால் அது சட்டப் பெயர்மாற்ற ஆவணங்களோடு செய்யும் வேறு வேலை.

பிறந்த திகதியும் அப்படியே. உண்மையான பிறந்தநாள் வேறு, பதிவில் உள்ளது வேறு என்ற நிலை எங்கள் சனத்தில் நிறைய வீடுகளில் இருக்கிறது. பென்ஷன், ஹெல்த் காட், வரி எல்லாம் அந்தப் பதிவுத் திகதியில்தான் ஓடுகின்றன. இந்த விண்ணப்பத்தோடு சேர்த்து அதைத் திருத்தப் போகாதேயுங்கோ. திருத்த வேண்டிய தேவை உண்மையிலேயே இருந்தால் முதலில் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேளுங்கோ.

உயரமும் கண் நிறமும் கேட்பார்கள். வயது போகப் போக ஆட்கள் சென்றிமீற்றர் கணக்கில் குறைவார்கள். பழைய அட்டையில் இருந்த உயரத்தை நினைவில் வைத்து எழுதாமல், சுவரோடு நிற்க வைத்து இப்போது அளந்து எழுதுங்கோ.

எப்படித் தொலைந்தது என்ற பகுதியில் இரண்டு மூன்று வரி போதும்: எந்த மாதம், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு மாறும்போது, எங்கெல்லாம் தேடினோம். களவு போயிருந்தால் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதுங்கோ. புதுச் சான்றிதழ் வந்த பிறகு பழையது அகப்பட்டால் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டையும் வைத்திருக்க முடியாது.

2024 ஜனவரி 21

படம். 50 மில்லிமீற்றர் அகலம், 70 உயரம். நாடியிலிருந்து உச்சி வரை முகம் 31க்கும் 36க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் எடுத்தது. தபாலில் போடுகிறீர்கள் என்றால் ஒரே மாதிரி இரண்டு படம், பின்பக்கத்தில் பெயரும் பிறந்த திகதியும். அமெரிக்க அளவு இரண்டு அங்குலச் சதுரம், அந்தப் படத்தைக் கொடுத்தால் திரும்ப வரும்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றியே எடுங்கோ. வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறித்தால் படம் திரும்பி வரலாம். கூன் விழுந்தவர்களை முதுகில்லாத ஸ்டூலில் இருத்தினால் தலை கீழே சரியும். முதுகுள்ள கதிரையில் இருத்தி, கமெராவை அவர்களின் முக மட்டத்துக்கு இறக்கச் சொல்லுங்கோ. பொட்டு, திருநீறு இருக்கலாம், முகம் மறையக் கூடாது என்பதுதான் கணக்கு.

2024 ஜனவரி 27

இரண்டு அடையாள அட்டை வேண்டும், ஒன்றிலாவது படம் இருக்க வேண்டும். பாங்க் காட், கிரெடிற் காட், சின் காட் மூன்றையும் இதற்கு எடுக்க மாட்டார்கள். கார் ஓடாத முதியவர்களுக்குச் சரிவரும் சோடி, படம் போட்ட ஹெல்த் காட்டும் ஒன்ராறியோ ஃபோட்டோ காட்டும்தான். ஃபோட்டோ காட், சேர்விஸ் ஒன்ராறியோ என்ற மாகாண அரசின் சேவை நிலையத்தில் 35 டொலர். ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

இதோடு ஒட்டிய ஒன்று. ஒன்ராறியோவில் 80 வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், கண் பரிசோதனையும் உண்டு. அந்தக் கட்டத்தில் பலர் "இனி ஓடுறதில்லை" என்று விட்டுவிடுவார்கள். விடும் அன்றே அதே கவுண்டரில் ஃபோட்டோ காட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கோ. உரிமம் காலாவதியாகி வருடக் கணக்கில் போன பிறகு, மூலப் பத்திரங்களோடு முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். அப்போதுதான் சிற்றிசன்ஷிப் காட் தேடும் படலம் தொடங்குகிறது.

ஹெல்த் காட்டும் தொலைந்தவர்கள் முதலில் அதை எடுங்கோ. மாற்று அட்டைக்குக் காசு இல்லை. முகவரிக்கு பாங்க் கூற்று, வரிக் கடிதம், பென்ஷன் கடிதம் மாதிரி ஒன்று. அடையாளத்துக்குப் பெயரும் கையெழுத்தும் உள்ள கிரெடிற் காட்கூடச் சில வேளை போதும். மேலே சொன்ன சான்றிதழுக்கு உதவாத கிரெடிற் காட் இங்கே உதவுகிறது. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் பட்டியல் வேறு, அதனால்தான் சின்ன அட்டையில் தொடங்கிப் பெரியதுக்கு ஏறச் சொல்கிறேன்.

2024 பெப்ரவரி 3

வேறொருவர் கேட்டது: "அப்பாவுக்கு சிற்றிசன்ஷிப் காட் துலைஞ்சதா, எடுக்கவே இல்லையா எண்டு எங்களுக்கே தெரியேல்லை. அவருக்கும் இப்ப ஞாபகம் இல்லை."

இது அடிக்கடி வரும் கேள்வி. எப்போதாவது கனடாப் பாஸ்போட் வைத்திருந்தாரா என்று பாருங்கோ. வைத்திருந்தால் குடியுரிமை எடுத்தவர்தான். பழைய பயணப் படங்கள், விசா ஒட்டிய பக்கங்களின் பிரதிகள் எல்லாம் தடயம். வோட்டர் காட் வந்தது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதேயுங்கோ. தெரியவே இல்லை என்றால் சிஐடி 0058 படிவத்தில் குடியுரிமைப் பதிவைத் தேடச் சொல்லிக் கேட்கலாம். அதற்கும் 75 டொலர். பதிவு உண்டா இல்லையா என்று கடிதம் வரும், அந்தக் கடிதம் குடியுரிமை அத்தாட்சி ஆகாது.

எடுக்கவில்லை என்று தெரிந்தால்? அப்பா இன்னும் நிரந்தர வதிவாளர். 2002 ஜூன் 28க்கு முன் வந்தவர்களுக்குக் கொடுத்தது ஐஎம்எம் 1000 என்ற நீளத் தாள். நாங்கள் லாண்டிங் பேப்பர் என்று சொல்வது அதைத்தான். பிஆர் காட் என்ற பிளாஸ்டிக் அட்டை அந்த வருடம்தான் வந்தது. அட்டையே எடுக்காமல், அல்லது ஒருமுறை எடுத்துக் காலாவதியாக விட்டு, இருபது வருடமாக இருக்கும் ஆட்கள் உண்டு. அட்டை முடிந்தால் அந்தஸ்து முடியாது. ஆனால் கனடாவை விட்டு வெளியே போனால் விமானத்தில் திரும்ப ஏற அட்டை வேண்டும். கையில் அட்டை இல்லாமல் அப்பாவை ஊருக்கு அனுப்பாதேயுங்கோ. அங்கிருந்து பயண ஆவணம் கேட்டு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டி வரும்.

ஐஎம்எம் 1000 தாளைத் திரும்ப அச்சிட்டுத் தர மாட்டார்கள். அதற்குப் பதிலாக அந்தஸ்து உறுதிப்படுத்தும் பத்திரம் ஒன்று தருவார்கள், ஐஎம்எம் 5009 படிவம், 30 டொலர். எந்த நாள், எந்த வகையில் நிரந்தர வதிவாளர் ஆனார் என்ற விபரம் அதில் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பெற்றோர் பலர் குடியுரிமை எடுக்காமல் விட்டது சோதனைக்கும் ஆங்கிலத்துக்கும் பயந்துதான். 2015 ஜூன் முதல் 2017 ஒக்ரோபர் வரை 64 வயது வரைக்கும் சோதனை இருந்தது. அந்தக் கதை இன்னும் சனத்தின் வாயில் ஓடுகிறது. 2017 ஒக்ரோபர் 11 முதல் 18 வயதிலிருந்து 54 வரை உள்ளவர்களுக்கு மட்டும்தான் மொழியும் சோதனையும். 55 வயதானவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் இரண்டும் இல்லை. கடந்த ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். வீட்டோடு இருக்கும் முதியவருக்கு அந்த நாள் கணக்கு ஒரு பிரச்சினையே இல்லை. தொலைந்த லாண்டிங் பேப்பரைத் தேடப் போய் அப்பாவுக்குக் குடியுரிமையே கிடைத்தால் அதைவிட என்ன வேண்டும்.

2024 பெப்ரவரி 4

நேற்று விட்டுப்போன சிறு விஷயம். அப்பாவின் பழைய கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க, தனியுரிமைச் சட்டத்தின் கீழ் அவருடைய பதிவுகளைக் கேட்கலாம், காசில்லை. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் என்றால் 5 டொலர். சட்டப்படி 30 நாள், நீட்டிக்கவும் செய்வார்கள். பிள்ளை கேட்பதென்றால் அப்பா கையெழுத்திட்ட சம்மதப் படிவம் ஐஎம்எம் 5744 வேண்டும். வரும் பிரதி மாற்றுப் பத்திரம் ஆகாது. ஆனால் வந்து இறங்கிய திகதி, எழுதப்பட்ட பெயர், பிறந்த திகதி மூன்றும் எழுத்துக்கு எழுத்துத் தெரிந்துவிடும். படிவம் நிரப்பும்போது ஊகிக்க வேண்டியதில்லை. முதியோர் பென்ஷனுக்கு 18 வயதுக்குப் பிறகு கனடாவில் இருந்த வருடங்களை எண்ணுவார்கள், குறைந்தது 10, முழுத்தொகைக்கு 40. அந்த எண்ணிக்கை தொடங்கும் நாளைக் காட்டவும் இது உதவும்.

2024 பெப்ரவரி 18

கையெழுத்து. இதை முதலிலேயே எழுதியிருக்கலாம், அவ்வளவு முக்கியம்.

அம்மாவுக்குப் புரிகிறது, கைதான் நடுங்குகிறது என்றால் அவரே கையெழுத்து வைக்கட்டும். காலையில், சாப்பிட்டு மருந்து எடுத்த பிறகு, மேசையில் முழங்கை ஊன்றி. முதலில் வெறும் தாளில் அதே அளவுக் கட்டம் கீறிப் பழக விடுங்கோ. பாஸ்போட் படிவத்தில் கையெழுத்து கட்டத்தின் கோட்டைத் தொடக் கூடாது. தடித்த பேனை வழுக்காது, மெல்லிய பேனையை இறுக்கிப் பிடிக்கப் போய்த்தான் நடுக்கம் கூடும். படிவத்தில் இரண்டு பிரதி அச்சிட்டு வையுங்கோ. தமிழில் கையெழுத்து வைப்பவர் தமிழிலேயே வைக்கலாம், வங்கியிலும் ஹெல்த் காட்டிலும் எப்படி வைத்தாரோ அப்படியே. நீங்கள் கையைப் பிடித்து எழுதுவிக்காதேயுங்கோ, அவருக்காக நீங்களே போடவும் கூடாது.

புரியும் தன்மையே குறைந்து வருகிறது என்றால், இந்தப் பத்திர வேலை எல்லாவற்றுக்கும் முன் அற்றோணித் தத்துவம் (தனக்காக முடிவெடுக்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதுங்கோ. ஒன்ராறியோவில் இரண்டு வகை: சொத்துக்கு ஒன்று, உடல்நலப் பராமரிப்புக்கு ஒன்று. எழுதிக் கொடுப்பவர் என்ன கொடுக்கிறார் என்று விளங்கும் நிலையில் இருக்கும்போது மட்டும்தான் செல்லும். மறதி முற்றிய பிறகு எழுத முடியாது. அதன்பின் பாதுகாவலர் நியமனத்துக்கு நீதிமன்றம் வரை போக நேரிடும், செலவும் காலமும் அதிகம்.

சாட்சி இரண்டு பேர். இங்கேதான் சனம் தவறுகிறது. அற்றோணியாக நியமிக்கப்படுபவரும் அவருடைய துணையும் சாட்சியாக முடியாது. எழுதிக் கொடுப்பவரின் கணவன் மனைவி முடியாது. அவருடைய பிள்ளைகள் யாருமே முடியாது. 18 வயதுக்குக் கீழும் முடியாது. "மூத்தவன் அற்றோணி, சின்னவள் சாட்சி" என்று வீட்டு மேசையில் வைத்து எழுதிய பத்திரம் வங்கியில் நின்றுவிடும். அயலவர், கோயிலில் தெரிந்தவர், குடும்ப நண்பர் என்று வெளியாட்கள் இரண்டு பேரைக் கூப்பிடுங்கோ.

2024 மார்ச் 2

சான்றிதழை அவசரமாக எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், காரணமும் அதற்கான அத்தாட்சியும் இருந்தால். பென்ஷன், சுகாதாரம், சின் நம்பர் மாதிரி ஒரு பயனைப் பெறச் சான்றிதழ் வேண்டும் என்பது ஒரு காரணம். குடும்பத்தில் மரணம் அல்லது கடும் நோய் என்பதால் பயணம் என்பது இன்னொன்று. விளக்கக் கடிதம், அதோடு மருத்துவர் கடிதமோ சேவையை மறுத்த அலுவலகத்தின் கடிதமோ டிக்கெற் ரசீதோ இணைத்து, தபால் உறையின் வெளிப்பக்கத்தில் அவசரம் என்று எழுத வேண்டும். "அம்மாவுக்கு வயது போயிட்டுது" என்பது மட்டும் காரணமாக எடுபடாது.

இணைய விண்ணப்பத்தில் தாளா மின்வடிவமா என்று கேட்கும். மின்வடிவம் கேட்டால் கோப்பாக வரும். அதை இரண்டு இடத்தில் சேமித்து, பிள்ளைகளில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கோ. பைகள் தொலையும் வீடுகளுக்கு அது நல்லது. பிரேம் போட ஆசைப்படும் அம்மாவுக்குத் தாள்தான் வேண்டும் என்றால் தாளையே கேளுங்கோ, அதில் பிழையில்லை.

2024 மார்ச் 17

சின். பிளாஸ்டிக் சின் காட் அச்சிடுவதை 2014 மார்ச் 31உடன் நிறுத்திவிட்டார்கள். தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை என்று ஒன்று இப்போது இல்லை. வேண்டியது இலக்கம் மட்டும்தான். அது வருடாவருடம் வரும் பென்ஷன் வரித் துண்டில் இருக்கிறது. மாறாத இலக்கம்.

ஆனால் சின் காட், பாஸ்போட், பிறப்புப் பத்திரம் மூன்றும் ஒரே பையில் போனது பாரதூரமானது. கடன் வரலாறு வைத்திருக்கும் ஈக்விபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் நிறுவனங்கள் இரண்டுக்கும் அறிவித்து, அம்மாவின் பெயரில் மோசடி எச்சரிக்கை போடச் சொல்லுங்கோ. கடன் வாங்காத முதியவரின் பெயரில் கடன் எடுக்கப்பட்டால் வருடக் கணக்கில் யாருக்கும் தெரியாது. வங்கிக்கும் சொல்லி வையுங்கோ. தொலைந்ததாக அறிவித்த பாஸ்போட் அந்தக் கணமே ரத்தாகிவிடும். பிறகு அகப்பட்டாலும் அதில் பயணம் செய்யக் கூடாது.

2024 ஏப்ரல் 14

புதுவருட நாளில் கேட்டிருக்கிறீர்கள், பதில் சொல்லாமல் விடலாமா. ஊர்ப் பிறப்புப் பத்திரம் எப்போதுதான் வேண்டும்?

இலங்கை இரட்டைக் குடியுரிமைக்கு வேண்டும். ஊர்க் காணி, முதுசம், மரணத்துக்குப் பிந்தின உரித்து வேலைகளுக்கு வேண்டும். அதாவது இலங்கை அரசாங்கத்தோடு அலுவல் என்றால் வேண்டும். கனடா அலுவல்களுக்கு, ஒருமுறை குடியுரிமை எடுத்தவருக்கு, அநேகமாக வேண்டாம்.

எடுப்பதானால் பிறப்புப் பதிவான பிரிவின் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் சுலபம். தெரியாவிட்டால் தேடச் சொல்ல வேண்டும், அதற்குப் பதிவுப் பிரிவின் பெயராவது சரியாகத் தெரிய வேண்டும். பிறந்த ஊரும் பதிவுப் பிரிவும் பல நேரம் ஒன்றல்ல. அம்மாவின் தாய்வீட்டுக் கிராமத்தில் பிறந்து, ஆஸ்பத்திரி இருந்த பிரிவில் பதிந்திருப்பார்கள். அவருடைய சகோதரர்களின் பத்திரம் யாரிடமாவது இருந்தால் அதில் உள்ள பிரிவிலிருந்து தேடலைத் தொடங்குங்கோ. பதிவே இல்லை என்று வந்தால், அந்தத் தேடல் முடிவை வைத்துப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வழி உண்டு.

தமிழிலோ சிங்களத்திலோ வரும் பத்திரத்தை இங்கே குடிவரவுக்குக் கொடுப்பதானால் ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பாளர் அங்கீகாரம் பெற்றவராக இல்லாவிட்டால் சத்தியக் கடதாசியும் வேண்டும். வீட்டில் எவ்வளவு நல்ல ஆங்கிலம் தெரிந்த பிள்ளை இருந்தாலும், குடும்பத்தவர் செய்த மொழிபெயர்ப்பை ஏற்க மாட்டார்கள்.

2024 ஜூன் 22, காலை | கேள்வி கேட்டவர்

சான்றிதழ் வந்திட்டுது. யாழ்ப்பாணத்துக்கு ஒருத்தரையும் அனுப்பேல்லை, ஏஜென்றிட்டயும் போகேல்லை. அம்மா தாளைத் தலைமாட்டில வைச்சுக்கொண்டு படுக்கிறா. இப்ப பாஸ்போட்டுக்கு என்ன செய்யிறது? கரண்டருக்கு டொக்டரிட்டப் போகவேணுமே?

2024 ஜூன் 22, இரவு | பதில்

நல்ல செய்தி. டொக்டர் வேண்டாம், அது பழைய காலத்து முறை. கரண்டராக நீங்களே இருக்கலாம். அம்மாவை இரண்டு வருடத்துக்கு மேல் தெரிந்த, வளர்ந்தவருக்கான கனடாப் பாஸ்போட் வைத்திருக்கிற, அதுவும் செல்லுபடியாகும் அல்லது முடிந்து ஒரு வருடம் ஆகாத ஒருவர் போதும். பிள்ளையாக இருக்கலாம். ஆனால் அம்மாவைத் தெரிந்தவர்கள் என்று படிவத்தில் பெயர் கொடுக்கும் (ரெஃபரன்ஸ்) இரண்டு பேர் உறவினராக இருக்கக் கூடாது, கரண்டரும் அதில் ஒருவராக முடியாது. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கோ, அலுவலகத்திலிருந்து அழைப்பு வரலாம். தெரியாத இலக்கம் என்று தொலைபேசியை எடுக்காமல் விட்டால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.

படிவம் பிபிடிசி 153, புதிய விண்ணப்பம். தொலைந்த பாஸ்போட்டுக்காக பிபிடிசி 203 என்ற பிரகடனமும் வேண்டும். 2024இல் பத்து வருடப் பாஸ்போட் 160 டொலர், ஐந்து வருடம் 120 ஆக இருந்தது. தொலைந்தது காலாவதியாகாத பாஸ்போட் என்றால் மேலதிகக் கட்டணம் உண்டு. 81 வயதில் எதற்குப் பத்து வருடம் என்று சிலர் ஐந்தை எடுப்பார்கள். பத்தையே எடுங்கோ. வித்தியாசம் ஏறத்தாழ 40 டொலர்தான், இந்த வேலை இன்னொரு தடவை வராது. படத்தில் ஒன்றின் பின்பக்கம் கரண்டர் எழுதிக் கையெழுத்திட வேண்டும், சான்றிதழுக்கு எடுத்த படம் பழையதாகியிருந்தால் புதிதாக எடுங்கோ.

குடியுரிமைச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கொடுக்க வேண்டி வரும். தலைமாட்டில் இருந்து எடுக்கும்போது அம்மாவிடம் அது திரும்பி வரும் என்று சொல்லி எடுங்கோ. கொடுக்க முன் இரண்டு பக்கமும் ஸ்கான் செய்து, சான்றிதழ் இலக்கத்தை வேறாக ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ.